இதர செலவு

குடும்பச் செலவை அவசியச் செலவு, விருப்பச் செலவு என்று இரண்டு கட்சிகளாகப் பிரித்த மகானுபாவர் யாராயிருந்தாலும், திண்டுக்கல்லில் ஒரு மாதம்கூடக் குடித்தனம் நடத்தியிருக்க மாட்டார்.

என் மகன் என் கைப்பேசியில் ஒரு வரவுசெலவுச் செயலியை ஏற்றிக் கொடுத்திருக்கிறான். பழைய கணக்கு நோட்டுக்கு இருந்த பொறுமை அதற்குக் கிடையாது. கடையில் பணம் கொடுத்த மறு நிமிஷமே, பாங்கியிலிருந்து வரும் செய்தியைத் தானே படித்துவிட்டு, "இது எந்தத் தலைப்பில்?" என்று கேட்கிறது. மளிகை, பால், மின்சாரம், பள்ளிக் கட்டணம் எல்லாம் ஒரு பக்கம். பூ, புடவை, சினிமா, ஓட்டல் மறு பக்கம். அந்த மறு பக்கத்துக்கு மாதா மாதம் ஒரு வரம்பு உண்டு. நெருங்கினால் மஞ்சள், தாண்டினால் சிவப்பு.

சரி, மொய்யை எங்கே எழுதுவது? ஆவணி பிறந்தால் நாலு பத்திரிகையாவது வந்து சேரும். செயலியில் 'பரிசு' என்றொரு தலைப்பு இருக்கிறது. மொய்யைப் பரிசு என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் சிரிப்பார்கள். நம் வீட்டுக் காதுகுத்துக்கு அவர்கள் எழுதிய 501 நம் நோட்டில் இருக்கிறது. இன்று 1001 ஆகத் திருப்பிச் செய்கிறோம். கொடுக்கும்போது அது கடன், வாங்கும்போது சேமிப்பு. பரிசு என்பது எப்போதுமே இல்லை.

அத்தையின் வெற்றிலை இன்னொரு சங்கடம். அதை விருப்பச் செலவென்று என் மாமியாரிடமே போய்ச் சொல்லும் தைரியம் அந்தச் செயலிக்கு இருந்தால் சொல்லிப் பார்க்கட்டும்! சர்க்கார் கணக்கு இதைவிட வேடிக்கை. 2022-23இல் நாடு முழுதும் எடுத்த குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வில் வெற்றிலை, புகையிலை, மது எல்லாம் ஒரே தலைப்பு. கிராமத்துக் குடும்பம் செலவழிக்கும் 100 ரூபாயில் அந்தத் தலைப்புக்கு 3.79, படிப்புக்கு 3.30. வருத்தப்பட வேண்டிய விஷயந்தான். ஆனால் சாப்பிட்ட பிறகு இரண்டு வெற்றிலை போட்டுக்கொள்ளும் கிழவியையும், சாராயக் கடை வாசலில் தள்ளாடுகிறவனையும் ஒரே வரிசையில் நிறுத்தியிருக்கிறார்களே என்று சிரிப்பும் வருகிறது.

சிரிக்க முடியாத விஷயம் ஒன்று உண்டு. வரம்பை விதிக்கிறவர் யார்? எனக்குத் தெரிந்த வீடுகள் பலவற்றில் செயலி இருப்பது கணவரின் கைப்பேசியில். மாலையில் சிநேகிதர்களோடு அவர் சாப்பிடும் டீயும் பஜ்ஜியும் 'வெளிச் செலவு' என்று கௌரவமாகப் பதிவாகும். மனைவி வாங்கிய இரண்டு முழம் மல்லிகை 'விருப்பம்' ஆகிவிடும். நிலக்கோட்டைச் சந்தையில் மல்லிகை விலை ஏறும் முகூர்த்த நாளில், "இன்றைக்குப் பூ அவசியமா?" என்று ஒரு கேள்வியும் வரும். யார் கையில் கணக்கு இருக்கிறதோ, அவருடைய ஆசைக்கு அவசியம் என்று பெயர்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்காமல், நம் பெண்கள் வெகு காலத்துக்கு முன்பே ஒரு தனித் தலைப்பு ஏற்படுத்திக்கொண்டார்கள். அதுதான் சிறுவாடு. கீரையில் பேரம் பேசி மிஞ்சிய இரண்டு ரூபாய், பழைய பேப்பர் போட்ட காசு, தாய்வீட்டுக்குப் போனபோது அண்ணன் கையில் திணித்த நோட்டு, எல்லாம் அரிசிப் பானைக்கும் கடுகு டப்பாவுக்கும் போகும். மகளின் பரீட்சைக் கட்டணம் அதிலிருந்து வரும். நோயில் கிடக்கும் தாயாருக்கு, கணவன் வீட்டில் கை நீட்டாமல் வாங்கிப் போகும் ஹார்லிக்ஸ் அதிலிருந்து வரும். என்றைக்காவது ஒரு சின்னாளபட்டிச் சுங்குடியும் வரும். பூட்டுக்குப் பேர் போன ஊர் எங்களுடையது. 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது. ஆனால் சிறுவாட்டுக்கு யாரும் பூட்டுப் போட்டதில்லை. இருப்பது தெரியாது என்பதே அதற்குப் பூட்டு.

அந்தப் பூட்டு 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு திறந்துகொண்டது. 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பைக் கேட்ட எத்தனையோ பெண்கள், மறுநாள் காலையில் அரிசிப் பானையைக் கவிழ்த்துக் கணவனின் கையிலேயே கொடுக்க வேண்டியதாயிற்று. "இவ்வளவா வைத்திருந்தாய்?" என்ற கேள்வியில் பாராட்டும் இருந்தது, குற்றச்சாட்டும் இருந்தது. பாங்கியில் போட்ட பிறகு வருமான வரிக்காரர்களும் கேட்டார்கள். 2021இல்தான் ஆக்ராவிலுள்ள வருமான வரித் தீர்ப்பாயம், அப்படி இல்லத்தரசிகள் செலுத்திய இரண்டரை லட்சம் வரையிலான தொகையைக் கணக்கில் வராத வருமானமாகக் கொள்ளலாகாது என்று சொன்னது. கடுகு டப்பாவுக்குச் சட்டம் கொடுத்த மரியாதை அது.

அதற்குள் காலம் மாறிவிட்டது. கீரைக்காரம்மாவின் கூடையிலும் சதுரக் கட்டம் போட்ட அட்டை தொங்குகிறது. பைசா சுத்தமாகப் பணம் போகிறது. சில்லறை என்று எதுவும் திரும்பி வருவதில்லை. சில்லறை இல்லாத வீட்டில் சிறுவாடு எப்படி முளைக்கும் என்று நான் கவலைப்பட்டதுண்டு.

மாசித் திருவிழா சமயம், கோட்டை மாரியம்மன் கோயிலுக்குப் போகும் வழியில் பூக்கடை ஒன்றில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண் நாற்பது ரூபாய்க்குப் பூ வாங்கினாள். கைப்பேசியை அட்டையின் முன் காட்டி நூறு ரூபாய் அனுப்பினாள். பூக்காரம்மா ஒன்றும் கேட்கவில்லை. சுருக்குப் பையை அவிழ்த்து, மூன்று இருபது ரூபாய் நோட்டுகளை எடுத்து, பூவோடு சேர்த்து வாழை இலையில் மடித்து நாரால் கட்டினாள்.

"பார்த்து எடுத்துக்கிட்டுப் போ, தாயி" என்றாள்.