பழி மோட்டார் மேல்

பொறியியல் மாணவர்களிடையே நீரில் மூழ்கி ஓடும் வாகனம் செய்வது இப்போது ஒரு மோகம். பிவிசி குழாய்ச் சட்டம், நான்கு மோட்டார்கள், ஒரு கேமரா, கரையிலிருந்து நீளும் கேபிள். சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் மாணவர்களுக்காக இதில் போட்டியே நடத்தியிருக்கிறது. புனேயில் படிக்கும் என் அக்கா மகனும் மூன்று நண்பர்களும் இந்த மோகத்தில் விழுந்தவர்கள்.

நீச்சல் குளத்தில் 3 மீட்டர் ஆழத்தில் வாகனம் நின்றுபோனது. "மோட்டார் மட்டச் சரக்கு மாமா, புதுசா நாலும் வாங்கணும்" என்றான். அதற்குத் தன் உதவித்தொகையைத் தர ஒரு பையன் தயாராக இருந்தான். அப்பா இல்லாத பையன்.

கோவையில் ஆழ்துளைக் கிணற்று மோட்டார்களுக்குக் காயில் கட்டிப் பிழைத்தவன் நான். மோட்டார் எரிந்துவிட்டது என்று தூக்கி வருவார்கள். பல சமயம் மோட்டாரில் பழுதிருக்காது. கேபிள் ஜாயிண்டில் தண்ணீர் இறங்கியிருக்கும். இவர்களுடையதோ பிரஷ் இல்லாத மோட்டார். அதன் செம்புக் கம்பிக்கு எனாமல் பூச்சு உண்டு. நல்ல தண்ணீரில் நனைந்தபடியே ஓடும். நனையக் கூடாதது, குழாய்க்குள் அடைத்திருந்த கட்டுப்பாட்டுப் பலகைதான். அதுதான் கருகியிருந்தது.

கேபிள் நுழையும் இடத்தில் டேப்பும் சிலிக்கான் பசையும் கச்சிதமாக இருந்தன. பிறகு தண்ணீர் எப்படி வந்தது? கேபிளைத் தடவிப் பார்த்தேன். புரொப்பல்லர் உரசி, உறையில் நகக்கீறல்போல் ஒரு வெட்டு. 3 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர்மீதும் ஏறக்குறைய 300 கிராம் கூடுதல் அழுத்தம். வெட்டு வழியே புகுந்த நீர், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல், செம்பு இழைகளுக்கு நடுவே நடந்து குழாய்க்குள் சொட்டியிருக்கிறது. கேபிளை வெட்டிக் காட்டினேன். செம்பு பச்சை பூத்திருந்தது.

வெளியே எவ்வளவு பூசினாலும் இந்த வழி அடைபடாது. ஒவ்வொரு வயரிலும் அரை அங்குலம் உறையை உரித்து, இழைகளுக்கிடையே ஈயம் இறங்கும்வரை பற்றவைத்தோம். வயரின் பிவிசி உறையை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, அந்த இடத்தைச் சிறு டப்பாவில் நிறுத்தி எபாக்ஸி ஊற்றினோம். அமெரிக்காவின் ஸீபெர்ச் திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகள் ஃபிலிம் டப்பாவில் மோட்டாரை வைத்து மெழுகால் நிரப்பியதும் இதே தத்துவம்தான்: காற்றுக்கு இடமில்லாவிட்டால் நீருக்கும் இடமில்லை.

ஓர் இரவு உப்புத் தண்ணீர் வாளியில் ஊறவைத்து, செம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே மீட்டர் வைத்துப் பார்த்தோம். கசிவு இல்லை. வாளியில் ஆழத்தின் அழுத்தம் கிடையாது என்பதால், கல்லைக் கட்டிக் கிணற்றிலும் இறக்கிப் பார்த்தோம். 12 வோல்ட் பேட்டரியோடு ஒரு ஃபியூஸும் சேர்த்தோம். குளத்தில் பிள்ளைகளும் இறங்குகிறார்களே.

பழைய மோட்டார்கள் நான்கும் ஓடின. கருகிய பலகை ஒன்றை மாற்றியதுதான் செலவு. உதவித்தொகை, சேர வேண்டிய மெஸ் பாக்கிக்குப் போய்ச் சேர்ந்தது.