சொருகினதும் ஓடக் கூடாது

1964-இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையின் உள்தெரு ஒன்றில் சின்ன ஜாப் ஒர்க் பட்டறை. வாசலில் அலுமினியச் சுருள் மூட்டைகள், உள்ளே கூலன்ட் வாடை. கணினிக் கட்டளைப்படி உலோகம் செதுக்கும் வி.எம்.சி. எந்திரத்தின் செட்டர் தம்பி, அலுவலகக் கணினியில் தயாரான புரோகிராமைப் பென் டிரைவில் கொண்டுவந்து பேனலில் சொருகுகிறார். எந்திரம் அசையவில்லை.

அவர் புரோகிராம் எண்ணைத் தேடி எடுத்து மெமரியில் ஏற்றுகிறார். முதல் சில வரிகளை வாய்க்குள் படிக்கிறார். டூல் எண் சரியா, ஆஃப்செட் சரியா என்று பார்த்துவிட்டு, ஜாப்புக்கு மேலே காற்றில் வெறுமனே ஓடவிடுகிறார். அதையும் சிங்கிள் பிளாக்கில், ஒரு வரிக்கு ஒரு முறை சைக்கிள் ஸ்டார்ட் அழுத்தி.

"சொருகினதும் தானா ஓடினா நேரம் மிச்சம்தானே தம்பி?"

"வைஸ்ல எந்த ஜாப் மாட்டியிருக்குன்னு பென் டிரைவுக்குத் தெரியுமா சார்? டூல் நேரா போய் மோதும்."

பட்டறையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாத இந்த எச்சரிக்கை, மேசைக் கணினிகளுக்கு வரப் பல வருடம் ஆனது. விண்டோஸ் 95 வந்தபோது, சிடியைப் போட்டதும் நிரல் தானாகத் தொடங்கும் வசதியும் வந்தது. சிடியின் வேரில் கிடக்கும் ஆட்டோரன்.ஐஎன்எஃப் என்ற சின்ன உரைக்கோப்பு, எதை ஓட்டுவது என்று சொல்லும். கம்பெனி அச்சிட்டு விற்ற சிடியில் வெளியாள் எதையும் எழுத முடியாது. அதனால் அந்த நம்பிக்கைக்கு அர்த்தம் இருந்தது. பென் டிரைவில் எவரும் எழுதலாம். அதற்கும் அதே சலுகை நீண்டதுதான் தவறு. மை கம்ப்யூட்டரில் டிரைவை இரட்டைச் சொடுக்கினாலே ஒளிந்திருந்த வைரஸ் ஓடியது. 2008 நவம்பரில் கிளம்பிய கான்ஃபிக்கர் வைரஸின் ஒரு வகை இன்னும் தந்திரமானது. சொருகியதும் வரும் ஆட்டோபிளே பட்டியலில், கோப்புகளைப் பார்க்க ஃபோல்டரைத் திற என்ற வரியையும் ஃபோல்டர் படத்தையும் போலியாக வைத்தது. கவனமாகப் படிப்பவரும் அதைத்தான் அழுத்துவார்.

2009-இல் வந்த விண்டோஸ் 7 யூஎஸ்பிக்கு இந்தச் சலுகையை மறுத்தது. எக்ஸ்பி, விஸ்டா கணினிகளுக்கு 2011 பிப்ரவரியில்தான் விண்டோஸ் அப்டேட் வழியாக அந்தத் தடை போய்ச் சேர்ந்தது. இடையில், 2010-இல், ஸ்டக்ஸ்நெட் என்ற வைரஸ் அகப்பட்டது. பென் டிரைவிலுள்ள ஷார்ட்கட்டின் படம் திரையில் தெரிந்தாலே போதும், அது உள்ளே நுழையும். குறி ஈரான், அதிகம் தொற்றிய நாடுகளின் வரிசையில் ஈரானுக்கும் இந்தோனேசியாவுக்கும் அடுத்து இந்தியா நின்றது. தொழிற்சாலைக் கட்டுப்பாட்டு மென்பொருளைத் தேடி அலைந்த வைரஸ் அது என்பதை இந்தப் பட்டறைகளின் நடுவே நின்று நினைக்கும்போது வயிறு கலங்குகிறது.

இன்று கணினி தானாக ஓட்டுவதில்லை. அவசரத்தில் நம் கை ஓட்டிவிடுகிறது. அதைப் பார்த்தது ரயில் நிலையத்தை ஒட்டிய ஜெராக்ஸ் கடையில். கல்லூரி மாணவி ஒருத்தி புராஜெக்ட் பிரின்ட் எடுக்க வந்திருந்தாள். டிரைவைத் திறந்தால் கோப்பு எதுவும் இல்லை, அந்த டிரைவின் பெயரிலேயே ஒரே ஒரு ஷார்ட்கட். பதறிப்போய் மவுஸுக்குக் கை நீட்டினாள்.

"தொடாதம்மா. ஃபைல் எங்கயும் போகல, மறைச்சு வச்சிருக்கு" என்றார் கடைக்கார அக்கா. கறுப்புத் திரையைத் திறந்து ஆட்ரிப் கட்டளை ஒன்றைத் தட்டினார். மறைந்திருந்த ஃபோல்டர் வெளியே வந்தது, ஷார்ட்கட்டை அழித்தார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள், அக்கா அசரவில்லை. பிடிஎஃப் என்று தெரிந்தாலும் எக்ஸ்டென்ஷன் என்ன என்று பார்க்காமல் திறப்பதில்லையாம். அந்தக் கணினியில் ஆட்டோபிளேயும் அணைத்திருக்கிறது. செட்டிங்ஸில் ஒரே ஒரு பொத்தான். ஒவ்வொரு பிரின்ட் கடையிலும் இதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பேன், ஊர்ப் பென் டிரைவெல்லாம் ஒரே துளையில் சொருகப்படும் இடம் அது.

காசு வாங்கிக்கொண்டே அக்கா சொன்னார்: "உன் வீட்டு கம்ப்யூட்டர்லயும் இருக்கும். ஸ்கேன் பண்ணாம இதைத் திரும்ப அதுல சொருகாத."