கீபோர்டுல தமிழ் எங்கே மாட்டிக்குது?

உங்க லேப்டாப்புல உபுண்டு இருக்கு. தமிழ்ல ஒரு வரி டைப் பண்ணணும். செட்டிங்ஸ்ல போய் தமிழைச் சேர்த்தாச்சு, மேல மூலையில சின்னமும் மாறுது. ஆனா திரையில வர்றது ஆங்கிலம்; இல்லைன்னா அரைகுறைத் தமிழ். இந்தக் கட்டத்துல பெரும்பாலானவங்க லேப்டாப்பை மூடிட்டு போனை எடுத்துடுவாங்க. ஹாஸ்டல்ல இதே கேஸோட என் ரூமுக்கு வந்த லேப்டாப்புகள் நிறைய. அதுல பார்த்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

நீங்க விசையை அழுத்துறதுக்கும் எழுத்து திரைக்கு வர்றதுக்கும் நடுவுல நாலு கை மாறுது. கெர்னலுக்கு விசையோட எண் மட்டும்தான் தெரியும். அந்த எண்ணுக்கு எந்த எழுத்துன்னு எக்ஸ்கேபி சொல்லும். அப்புறம் ஐபஸ், முன்னால என்ன எழுத்து வந்ததுன்னு பார்த்து, புள்ளியும் கொம்பும் சேர்த்துக் கொடுக்கும். கடைசியா ஆப் அதை வாங்கிக்கணும். எந்தக் கையில நிக்குதுன்னு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சது.

நான் அதிகம் பார்த்த சிக்கல் ரெண்டாவது கையில. இன்புட் சோர்ஸ் பட்டியல்ல தமிழ்னு தேடினா 'தமிழ்நெட் 99'னு ஒண்ணு முதல்லயே இருக்கும். பேரைப் பார்த்ததும் எல்லாரும் அதைத்தான் எடுப்பாங்க. அது எக்ஸ்கேபி தளவமைப்பு. விசைக்கு ஓர் எழுத்துன்னு கொடுக்குமே தவிர, பக்கத்து எழுத்தைத் திரும்பிப் பார்க்காது. அதனால தானா விழ வேண்டிய புள்ளி விழாது. பக்கத்துலயே டேப், டிஸ்கின்னு ரெண்டு இருந்தா தொடாதீங்க, அதெல்லாம் யூனிகோடு இல்லாத பழைய குறியாக்கங்கள். உங்களுக்கு வேண்டியது 'ஐபஸ்-எம்17என்'ங்கிற பேக்கேஜ். ஆப்ட்ல இன்ஸ்டால் பண்ணி, ஒரு தடவை லாக் அவுட் பண்ணி உள்ளே வாங்க. இப்போ பட்டியல்ல 'தமிழ்99', பக்கத்துல எம்17என்னு போட்டு வரும். அதைச் சேருங்க. சூப்பர் விசையும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தினா மொழி மாறும்.

இப்பவும் வரலையா? சாதாரண டெக்ஸ்ட் எடிட்டரைத் திறந்து அடிச்சுப் பாருங்க. அங்கேயும் வரலைன்னா டெர்மினல்ல 'ஐபஸ் ரீஸ்டார்ட்'. அங்கே வந்து வேற ஓர் ஆப்புல மட்டும் வரலைன்னா குற்றவாளி கடைசிக் கை. கியூடில எழுதின ஆப்னா, 'கியூடி ஐஎம் மாட்யூல்'ங்கிற என்விரான்மென்ட் வேரியபிள்ல ஐபஸ்னு இருக்கான்னு பாருங்க. எலக்ட்ரான் ஆப் வேலேண்டுல ஓடுதுன்னா, 'எனேபிள்-வேலேண்ட்-ஐஎம்இ'ங்கிற ஆப்ஷனோட அதைத் திறக்கணும்.

இவ்வளவு கஷ்டம் எதுக்கு, தங்கிலீஷ் போதாதான்னு கேட்பீங்க. என் அப்பத்தாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். ஆங்கில எழுத்துல நான் அனுப்புற 'சாப்ட்டியா'வை சித்தப்பா பையன் ஸ்கூல் விட்டு வந்து படிச்சுக் காட்டணும். அவன் வர்ற வரைக்கும் மெசேஜ் அப்படியே கிடக்கும். அவன் முன்னாடி சொல்ல முடியாத சமாச்சாரமும் இருக்கும்ல. இப்போ வாட்ஸ்அப் வெப்ல தமிழ்லயே அடிக்கிறேன், கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அவங்களே படிச்சுக்கிறாங்க.

ஃபொனெடிக் எடுக்கலாமா, தமிழ்99 எடுக்கலாமாங்கிறதுல என் ஓட்டு தமிழ்99க்குத்தான். 1999ல சென்னையில நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி வந்தது. அந்த வருஷமே தமிழக அரசு அங்கீகரிச்சது. ஃபொனெடிக்ல ஒவ்வொரு தமிழ் வார்த்தையும் ஆங்கில ஸ்பெல்லிங் வழியா சுத்தி வரணும். பல முறைகள்ல ந-வுக்கு டபிள்யூ! என்னை மாதிரி இங்கிலீஷ் மீடியம் பசங்களுக்கு அதுதான் ஈஸின்னு தோணும், ஆனா ந, ன, ண குழப்பம் அப்படியேதான் இருக்கும்.

தமிழ்99ல உயிர் இடது கையில, மெய் பெரும்பாலும் வலது கையில. விசைகளைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. த-வுக்குப் பக்கத்து விசை ந. ப-வுக்குப் பக்கத்துல ம. ற-வுக்கு ன, ட-வுக்கு ண, ச-வுக்கு ஞ. இன எழுத்துன்னு தமிழ் மிஸ் கரும்பலகையில எழுதிப் போட்டதை, கீபோர்டுல பக்கத்துப் பக்கத்து வீடா குடி வெச்சிருக்காங்க. ஜோடியா அடிச்சா புள்ளி தானா விழும். 'தம்பி'க்கு த, ம, ப, இ - நாலே விசை. 'பண்டம்'னு அடிக்கும்போது எந்த ண-ன்னு யோசிக்க வேண்டியதில்லை, ட-வோட பக்கத்து வீட்டுக்காரர்தான் வருவார்.

விரல் பழக எனக்கு ரெண்டு வாரம் ஆச்சு. முதல் நாலு நாள் எரிச்சலா இருக்கும், செமஸ்டர் லீவுல ஆரம்பிங்க. ஒரே மெய்யை ரெண்டு தடவை அடிச்சாலும் புள்ளி விழும்ங்கிறதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. 'அம்மா'வுக்கு அது வசதி. 'மமதை' எழுதணும்னா ரெண்டு ம-வுக்கும் நடுவுல ஓர் அ-வை அடிக்கணும்.