தேரை மேல் விழுந்த பழி

குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதிக்கு ஆண்டில் இருமுறை மழை. ஜூனில் தென்மேற்குப் பருவம், அக்டோபரில் வடகிழக்கு. 1906-இல் கட்டி முடிக்கப்பெற்ற பேச்சிப்பாறை அணையின் கால்வாய்கள் வாழைத் தோட்டங்களுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் இடையே ஓடுகின்றன. ஈரம் வற்றாத இவ்வூர்களில் குருமனைக்கு அழையாமலே வரும் விருந்தினர் தேரையார். பார்வோனின் படுக்கையறை வரை சென்ற இனம் அல்லவா!

பகலில் குளியலறைச் சுவரில் கால்களை ஒடுக்கி அமர்ந்திருக்கும். வெள்ளையடித்த சுவரில் அதன் நிறமும் வெளிறிவிடுவதால் கைபடும் வரை நாம் அறிவதில்லை. ஆங்கிலேயரும் இதனைச் சுண்ணாம்புத் தவளை என்றே அழைத்தனர். விரல் நுனிகளிலுள்ள வட்டத் தட்டுகளின் பலத்தால் கண்ணாடியிலும் ஏறும். இருட்டியதும் விளக்கடியில் பூச்சி பிடிக்கும். வாயால் நீர் அருந்துவதில்லை. தோலே ஈரத்தை உறிஞ்சும். கோடையில் அது குளியலறையை நாடுவது இதனாலேயே. அதன்மேல் உப்பை வீசுதல் எத்துணைக் கொடுமை என்பதும் இதனால் விளங்கும்: உப்பு அத்தோலின் நீரை இழுத்துவிடுகிறது.

உப்பு வீசுவோர் கொடியவர் அல்லர், அஞ்சுகிறவர்கள். தேரை விழுந்தால் தேங்காயில் பருப்பு இராது, குழந்தை தேய்ந்துபோகும் என்பது பரம்பரைப் பேச்சு. பூவில் மகரந்தம் சரிவரச் சேராமையும், மண்ணில் சாம்பல் சத்தும் போரானும் குறைதலுமே தேங்காய் வெறுமையாவதன் காரணங்களுள் முக்கியமானவை. தேங்காய் கிடக்கட்டும், நம் கவலை குழந்தையைப் பற்றியது.

ஒரு ஞாயிறு பூசைக்குப் பின் ஓர் இளந்தாய், விலா எலும்பு தெரியும் மகனை ஏந்தி வந்து, "சாமி, பிள்ளைக்குத் தேரை விழுந்திட்டு, மந்திரிச்சுத் தாங்க" என்றாள். வயது பதினான்கு மாதம். உணவு? கஞ்சித் தண்ணீர் மட்டுமே. வயிற்றோட்டத்திற்கு அஞ்சி மாமியார் வேறெதுவும் கொடுக்க விடவில்லையாம். மந்திரித்தோம். மறுநாளே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் அனுப்பினோம். மாமியாரையும் உடன்போகச் சொன்னோம். எடைத் தராசு சொல்வதை அவர் கேட்பதே முக்கியம் என்று நமக்குப் பட்டது.

ஐப்பசியில் அவ்வீட்டை மந்திரிக்கச் சென்றோம். முட்டையும் பயறும் உண்டு பிள்ளை சற்றே எடை ஏறியிருந்தான். கிணற்றடித் தொட்டிக்கு மேல் வெண்ணுரைக் கூடு ஒன்று தொங்கிற்று. பெண் தேரை தான் சுரக்கும் நீரைப் பின்னங்கால்களால் அடித்து நுரையாக்கி, அதனுள் முட்டையிடும். சில நாளில் நுரை கரைய, தலைப்பிரட்டைகள் கீழேயுள்ள நீரில் விழும். இதனை நாம் விளக்குகையில் பாட்டி துடைப்பத்தோடு நின்றார்.

"சாமி சொல்லுகதினால விடுகேன், ஆனா பிள்ளை இந்தப் பக்கம் வரப்பிடாது" என்றார்.