பூஜ்யத்துக்கும் ரெண்டு கரை

−4-க்கு வர்க்கமூலம் கேட்டா பைத்தான் 2ஜெ என்று சொல்லும். சில நேரம் −2ஜெ என்றும் சொல்லும். நம்பலையா? எங்க லேபில் நடந்ததைக் கேளுங்க.

ட்ரான்ஸ்மிஷன் லைன் கணக்கு. ரெசிஸ்டன்ஸ் இல்லாத லாஸ்லெஸ் லைன். இசட்டையும் ஒய்யையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தா காமா. நான் ரெண்டு காம்ப்ளெக்ஸ் எண்களையும் அப்படியே பெருக்கினேன். நண்பன் பேப்பரிலேயே சுருக்கிட்டான்: ஜெ இன்ட்டு ஜெ −1 தானே, அதனால ஒமேகா ஸ்கொயர் எல்சி-யை காம்ப்ளெக்ஸா வச்சு முன்னாடி ஒரு மைனஸ். கணக்குப்படி ரெண்டும் ஒண்ணுதான். ஆனா எனக்கு காமா பிளஸ், அவனுக்கு மைனஸ். அதனால அவனோட பி, சி ரெண்டும் குறி மாறி, இன்டக்டரா இருக்க வேண்டிய லைன் கெபாசிட்டர் ஆயிடுச்சு. ஏடி − பிசி = 1 வருதான்னு சரிபார்த்தான். வந்துச்சு! ரெண்டு மைனஸும் பெருக்கலில் அடிபட்டுப் போச்சே. ரெக்கார்டில் சிவப்பு வட்டம், மார்க் கட். ஃபார்முலாவே தெரியலைன்னு திட்டு வேற.

ஃபார்முலா அவனுக்கு நல்லாவே தெரியும். கம்ப்யூட்டரில் +0, −0 என்று ரெண்டு பூஜ்யம் உண்டு. 1985-இல் வந்த ஐஇஇஇ 754 தரத்திலேயே இருக்கு. அவன் போட்ட மைனஸ், இமேஜினரி பாகத்தில் சும்மா கிடந்த 0-வையும் −0 ஆக்கிடுச்சு.

ஒகேனக்கல்லில் பரிசல் ஏறியிருக்கீங்களா? இந்தக் கரை நம்ம தருமபுரி, அந்தக் கரை கர்நாடகா. வர்க்கமூலத்துக்கு நெகட்டிவ் ரியல் அச்சுதான் அந்த ஆறு. ஆத்து நடுவுல நிக்கிற எண், எந்தக் கரையிலிருந்து வந்ததுன்னு பூஜ்யத்தோட குறிதான் சொல்லும். அந்தத் தரத்தை வடிவமைத்ததில் முக்கியமானவரான வில்லியம் கஹான், 1987-இல் இதுக்காகவே ஒரு கட்டுரை எழுதினார். சி99 மொழியும் இதே வழிதான்.

கஹான் பக்கம் நியாயம் இருக்கு. ஆனா அந்த ரெண்டு எண்களும் சமமான்னு பைத்தானைக் கேட்டா 'ட்ரூ' என்கிறதே, அதுதான் எனக்கு இன்னும் ஜீரணிக்கல. சமமான ரெண்டை உள்ளே போட்டா வெளியே வேற வேற விடை!

எது சரின்னு லைனே சொல்லும். நிஜக் கம்பியில் துளியாவது ரெசிஸ்டன்ஸ் இருக்கும். அது இருந்தா இமேஜினரி பாகம் பாசிட்டிவ், காமாவும் பிளஸ். நண்பன் சுருக்கியதில் ஆர் என்ற எழுத்தே காணாம போச்சு. அடுத்த லேபில் ஆர்-ஐ விட்டுடாம பெருக்குங்க. முதலில் 0.001 கொடுத்து ஓட்டுங்க, அப்புறம் 0. குறி திடீர்னு புரண்டா, ரெக்கார்டு எழுதறதுக்கு முன்னாடி நிறுத்துங்க.