மேல் பிளக்கும் கீழ் பிளக்கும்

2023ஆம் ஆண்டுக் கோடை விடுமுறைக்கு நான் ஊருக்குப் போனபோது என்னிடம் இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று, மூன்றாம் ஆண்டு இயந்திரப் பொறியியல் தேர்வில் வாங்கிய நல்ல மதிப்பெண்கள். மற்றொன்று, அந்த மதிப்பெண்களால் வந்த தலைக்கனம். திரும்பி வரும்போது முதலாவது மட்டுமே மிஞ்சியிருந்தது. இரண்டாவதை என் மாமா வீட்டு வாசலில், ஒரு பிக்கப் வண்டியின் அடியில் விட்டுவிட்டு வந்தேன். அதை எப்படி விட்டேன் என்று மலருக்கு எழுதித் தரும்படி விடுதி நண்பர்கள் பிடிவாதம் பிடித்தார்கள். கேட்டுச் சிரிப்பதற்காகத்தான் பிடிவாதம் என்பது எனக்குத் தெரியும். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று எழுதுகிறேன்.

ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். என் தாய்மாமா அங்கே ஒரு பிக்கப் வண்டி வைத்திருக்கிறார். சொந்த வண்டி என்று ஊர் சொல்லும். மாதம் தவறாமல் தவணை கட்டும் மாமா மட்டும் அப்படிச் சொல்வதில்லை. ஒட்டன்சத்திரத்துக் காய்கறிச் சந்தையை அறியாதவர் நம்மில் யார் இருக்கிறார்கள்? அந்த வட்டாரத்துக் காய்கறியில் பெரும்பகுதி கேரளத்து அடுப்புகளுக்குப் போகிறது. மாமாவும் முருங்கைக்காய்க் கட்டுகளை ஏற்றிக்கொண்டு பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காட்டுக்கு இரவு நடை போவார். விடியுமுன் சந்தையில் சரக்கை இறக்கிவிடுவார். ஒரு நாள் பிந்தினால் காய் வாடும். காய் வாடினால் விலை வாடும்.

நான் போய்ச் சேர்ந்த இரண்டாம் நாள், வண்டியின் பின்பக்கத்திலிருந்து ஒரு முனகல் கேட்பதாக மாமா சொன்னார்.

"கிரவுன் ஆயில் மாத்தணும் மாப்ளே. கியர் பாக்ஸ் ஆயிலும் மாத்தி ரொம்ப நாளாச்சு. மெக்கானிக்கு கல்யாணத்துக்குப் போயிட்டாப்ல, நாளைக்குத்தான் வருவாப்ல."

"எண்ணெய் மாத்துறதுக்கு எதுக்கு மாமா மெக்கானிக்கு? நான் மாத்துறேன்."

மாமா என்னைப் பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்தார். "மூணு வருசமா வடக்கே போயி இதைத்தானே படிக்கிறான், இதுகூடவா தெரியாது?" என்றார் அத்தை. பாவம், அத்தை என்மேல் வைத்திருந்த நம்பிக்கை அவ்வளவு!

கிரவுன் என்று நம் ஊர்ப் பட்டறைகளில் சொல்வது டிஃபரன்ஷியலைத்தான். பொறியியல் படிக்காத நண்பர்களுக்காக அதைப்பற்றி நாலு வார்த்தை சொல்லவேண்டும். மாட்டுவண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கத்துச் சக்கரம் அதிக தூரம் ஓடவேண்டும். உள்பக்கத்துச் சக்கரம் குறைவாக ஓடினால் போதும். இரண்டு சக்கரங்களுக்கும் இடையே 1.4 மீட்டர் அகலம் இருந்தால், தெருமுனையில் ஒரு செங்கோணத் திருப்பத்தில் மட்டும் வெளிச்சக்கரம் ஏறக்குறைய 2.2 மீட்டர் கூடுதலாக ஓடியாகவேண்டும். மாட்டுவண்டிக்கு இதில் கஷ்டமே இல்லை. சக்கரங்கள் அச்சில் தனித்தனியே சுற்றுகின்றன, இழுப்பவை மாடுகள். மோட்டார் வண்டியிலோ எஞ்சின் அந்தச் சக்கரங்களையே பிடித்துச் சுற்றவேண்டும். இரண்டையும் ஒரே அச்சில் இறுக்கிச் சுற்றினால் வளைவில் ஒன்று தரையில் தேய்ந்துகொண்டு வரும். இரண்டுக்கும் உந்துவிசையும் கொடுக்கவேண்டும், வேகத்தில் வேறுபடவும் விடவேண்டும். இந்தச் சிக்கலை ஒரு பற்சக்கரக் கூட்டத்தால் தீர்த்தவர், பிரெஞ்சு நாட்டுக் கடிகாரக் கைவினைஞரான ஒனேசிஃபோர் பெக்கர். 1820களில், நீராவியால் ஓடும் வண்டிக்காக அவர் அதை அமைத்தார். அந்தக் கூட்டமே இன்றும் நம் பிக்கப்பின் பின் அச்சில், பூசணிக்காய் போல் உருண்ட ஒரு வீட்டுக்குள் குடியிருக்கிறது.

அன்று மாமாவிடம் இவ்வளவையும் சொன்னேன். அதோடு நிற்கவில்லை. "மாமா, இதிலே இருக்கிறது ஹைப்பாய்டு பல். 1926இல் அமெரிக்காவிலே பாக்கார்டு கார்களில் வந்தது. சின்னப் பல்சக்கரம் பெரிய பல்சக்கரத்தின் நடுவிலே சேராமல், கொஞ்சம் கீழே தள்ளிச் சேரும். அதனாலே பற்கள் உருள்வதோடு ஒன்றன்மேல் ஒன்று வழுக்கியும் தேய்க்கும். சாதாரண எண்ணெய் அந்த அழுத்தத்திலே பிதுங்கி ஓடிவிடும்" என்று பிரசங்கம் செய்தேன். மாமா பீடியைப் பற்றவைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

எண்ணெய்க் கடைக்கும் நானே போனேன். அங்கே நான் தவறவில்லை. வண்டியோடு வந்த கையேட்டைப் பார்த்து, கிரவுனுக்கு ஜி.எல்.5 என்ற தரத்தில் ஒரு டப்பாவும், கியர் பாக்ஸுக்கு ஜி.எல்.4 தரத்தில் ஒரு டப்பாவும் வாங்கினேன். இரண்டும் ஒரே நிறம், ஒரே பிசுபிசுப்பு. ஆனால் முன்னதில் கந்தகமும் பாஸ்பரசும் கலந்த சரக்கு அதிகம். பற்கள் அழுந்திச் சூடேறும் இடத்தில் அந்தச் சரக்கு இரும்போடு கூடி மெல்லிய தோல் ஒன்றை உண்டாக்கும்; பல்லுக்குப் பதிலாக அந்தத் தோல் தேயும். கியர் பாக்ஸில் பித்தளை வகை வளையங்கள் இருந்தால், அதே சரக்கு அவற்றை அரிக்கவும் கூடும். ஆகவே கையேடு சொல்வதைத் தாண்டி நம் புத்திசாலித்தனத்தைக் காட்டக்கூடாது. இதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. தெரியாதது ஒன்றே ஒன்று.

மாலை நான்கு மணி. எண்ணெய் சூடாக இருந்தால்தான் அடியில் தங்கிய கசடோடு முழுவதும் இறங்கும் என்று, வண்டியைப் பத்துக் கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு வந்து சமதரையில் நிறுத்தினேன். சக்கரங்களுக்குக் கல் வைத்தேன். பழைய அலுமினியத் தொட்டியோடு அடியில் புகுந்தேன். கிரவுன் வீட்டில் இரண்டு பிளக்குகள் உண்டு. கீழ் பிளக்கு எண்ணெயை இறக்குவதற்கு. மேல் பிளக்கு எண்ணெயை ஊற்றுவதற்கு. கீழ் பிளக்கில் ஸ்பேனரை மாட்டி ஒரு தள்ளு தள்ளினேன். சமர்த்தாகக் கழன்றது. கன்னங்கரேலென்று எண்ணெய் இறங்கிற்று. அழுகிய முட்டை நாற்றமும் கூடவே இறங்கிற்று.

பிளக்கின் நுனியில் காந்தம் இருந்தது. அதில் குழைத்த திருநீறு போல் சாம்பல் நிறக் களிம்பு ஒட்டியிருந்தது. மாமா அதை இரண்டு விரல்களுக்கிடையே வைத்துத் தேய்த்துப் பார்த்தார். "பொடிதான். தேய்மானம். துண்டு துண்டா இரும்பு வந்திருந்தா பல்லு போச்சுன்னு அர்த்தம்" என்றார். என் பாடப் புத்தகத்தில் இந்த வரி இல்லை.

கடைசிச் சொட்டும் இறங்கியது. கீழ் பிளக்கைத் துடைத்து, புது செம்பு வாசரோடு இறுக்கினேன். பிறகு மேல் பிளக்குக்கு ஸ்பேனரைக் கொண்டுபோனேன்.

அது அசையவில்லை.

காலால் உதைத்தேன். அசையவில்லை. ஸ்பேனர் பிடியில் இரும்புக் குழாயைச் செருகி, தொங்காத குறையாக இழுத்தேன். ஏதோ நகர்ந்தது. மகிழ்ந்துபோய்க் குனிந்து பார்த்தால், நகர்ந்தது பிளக்கு அல்ல. அதன் தலையின் ஆறு மூலைகளும் மழுங்கி, அது பாக்குக்கொட்டை போல் உருண்டுவிட்டது.

நண்பர்களே, என் நிலையை எண்ணிப் பாருங்கள். உள்ளே ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. ஊற்றுவதற்கு வழியும் இல்லை. எண்ணெய் இல்லாமல் ஓட்டினால் பல் பொசுங்கிப் போகும். ஆகவே ஒன்பது கிலோமீட்டரில் இருக்கும் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போகவும் முடியாது. இரவு பதினொரு மணிக்கு முருங்கைக்காய் ஏற்றியாகவேண்டும். ஆறு தோட்டங்களில் காய் பறித்துக் கட்டுக் கட்டாய் வைத்துவிட்டார்கள்.

மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தோம். சுத்தியலால் சுற்றிலும் தட்டினோம். மாமா உளியை விளிம்பில் சாய்த்து வைத்து, கழலும் திசையில் அடித்துப் பார்த்தார். இரும்பில் வடு விழுந்ததே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. முன்பு ஒரு முறை எவனோ குழாய் போட்டு இறுக்கியிருக்கிறான். அதன்மேல் ஆண்டுக்கணக்கான துரு.

எட்டு மணிக்கு மாமா கைகளைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். தொலைபேசியில் பக்கத்து ஊர் வண்டிக்காரரைக் கூப்பிட்டார். அவருக்கும் மாமாவுக்கும் ஏற்கெனவே ஏற்றுக்கூலிப் போட்டி. "இன்னிக்கு நடையை நீங்க எடுத்துக்கங்க. தோட்டத்துக்காரங்ககிட்ட நான் சொல்லிட்டேன்" என்று மட்டும் சொன்னார். பதினொரு மணிக்கு அந்த வண்டி வந்தது. மாமாவே கூட நின்று கட்டுகளை ஏற்றினார். தார்ப்பாயை இழுத்துப் போட்டு, கயிறு கட்டவும் உதவினார். வேறொருவன் வண்டிக்குத் தம் சரக்கை ஏற்றிவிடும் மனிதனை அன்றுதான் பார்த்தேன். அந்த இரவின் வாடகை போயிற்று. தவணை நாளுக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது.

அவர் திட்டியிருந்தால் என் மனம் ஆறியிருக்கும். திட்டவில்லை. வீட்டுக்கு வந்து, "சாப்பிட்டியா?" என்றார். நான் தலையை ஆட்டினேன். படுக்கப் போகுமுன், யாரிடமோ சொல்வது போல் சொன்னார்:

"காலி பண்றதுக்கு முன்னால, நிரப்புறதுக்கு வழி இருக்கான்னு பார்த்துக்கணும் மாப்ளே. மேல் பிளக்கு கழண்டாத்தான் கீழ் பிளக்குல கை வைக்கணும்."

அவ்வளவுதான். மேல் பிளக்கை முதலில் கழற்றிப் பார்த்திருந்தால், அது வராதபோது பழைய எண்ணெயோடேயே வண்டி அன்றிரவு பாலக்காட்டுக்குப் போய் வந்திருக்கும். முனகல் இன்னொரு நாள் முனகியிருக்கும். எந்தக் குடியும் முழுகியிராது.

மறுநாள் காலை ஒரு வெல்டர் வந்தார். மாமா முதலில் பாட்டரி இணைப்பைக் கழற்றினார். வெல்டர் பிளக்கைச் சுற்றியிருந்த எண்ணெய்ப் பசையைத் துடைத்தெடுத்தார். மழுங்கிய தலைமேல் ஒரு பெரிய நட்டை வைத்து, அதன் துளை வழியாகப் பற்றவைத்தார். கொஞ்சம் ஆறவிட்டு, அந்த நட்டில் ஸ்பேனரை மாட்டித் திருப்பினார். ஒரு கிறீச்சுச் சத்தம். பிளக்கு வெளியே வந்துவிட்டது. சூட்டில் துருப்பிடி விட்டுப்போகிறது. பிடிக்கப் புது மூலைகளும் கிடைக்கின்றன. நான் மூன்றாண்டில் கேட்டறியாத பாடத்தை அந்த மனிதர் பத்து நிமிடத்தில் நடத்திவிட்டு, தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

புது பிளக்கு வாங்கி வந்தோம். கைப்பம்பால் எண்ணெயை ஏற்றினேன். ஊற்றும் துளையின் விளிம்பைத் தொட்டு, எண்ணெய் மெல்ல வழியும்போது நிறுத்தவேண்டும். தாராளம் காட்டி அதற்குமேல் திணித்தால், அச்சின் இரு முனைகளிலும் உள்ள சீல்களைத் தாண்டிப் பிரேக்கில் கசிந்து வேறு வம்பு வரும். முனகல் குறைந்தது, அடியோடு நின்றுவிடவில்லை. தேய்ந்த பல்லை எண்ணெய் வளர்த்துவிடாது என்றார் மாமா.

பிறகு அவர் செய்த காரியம்தான் என்னால் மறக்க முடியாதது. இரண்டாவது டப்பாவை என் கையில் கொடுத்தார்.

"கியர் பாக்ஸ் பாக்கி இருக்கே. நீயே மாத்து."

"மெக்கானிக்கு வந்துட்டாரே மாமா?"

"வந்தா என்ன? நீதான் படிச்சவன்."

அந்தச் சொல்லில் கேலி இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அடியில் புகுந்தேன். முதலில் மேல் பிளக்கில் ஸ்பேனரை வைத்தேன். அது கழன்று கைக்கு வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பிறகு கீழ் பிளக்கு. அரைமணி நேரத்தில் வேலை முடிந்தது. அன்றிரவு மாமாவோடு பாலக்காட்டுக்கு நானும் போனேன். வண்டி ஒவ்வொரு வளைவில் திரும்பும்போதும் அந்த 2.2 மீட்டர் கணக்கு நினைவுக்கு வந்தது. அதை வாய்விட்டுச் சொல்லாமல் இருந்தேன்.

விடுமுறை முடிந்து இங்கே திரும்பிய பின், ஆய்வுக்கூட வாய்மொழித் தேர்வில் பேராசிரியர் ஒருவர் டிஃபரன்ஷியலைப் பற்றிக் கேட்டார். படம் வரைந்தேன், வேகச் சமன்பாட்டை எழுதினேன். தலையசைத்துவிட்டு, "சரி, இதற்கு எண்ணெய் மாற்றவேண்டும் என்றால் முதலில் என்ன செய்வாய்?" என்றார்.

"மேல் பிளக்கு கழல்கிறதா என்று பார்ப்பேன், ஐயா."

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?"

புத்தகத்தின் பெயரைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அதன் விலை மட்டும் தெரியும்: பாலக்காட்டுக்கு ஒரு நடை வாடகை. அதையும் கட்டியவர் என் மாமா.