நீல டீ

சங்குப்பூவைத் தெரியாதவர்கள் நம்ம ஊரில் இருக்க முடியாது. வேலியில் ஏறிக் கிடக்கும். நல்ல நீலம், நடுவில் கொஞ்சம் வெள்ளை, லேசாக மஞ்சள். காலையில் பிள்ளையாருக்கோ சிவனுக்கோ நாலு பூ பறித்து வைப்பார்கள். அத்தோடு அதன் வேலை முடிந்தது. ஆனால் இதே பூவைக் காய வைத்து, பாக்கெட்டில் அடைத்து, 'பட்டர்ஃபிளை பீ ஃபிளவர் டீ' என்று பெயர் ஒட்டினால் அது தாய்லாந்து சமாச்சாரம். கடையில் காசு கொடுத்து வாங்க வேண்டும்!

புதுச்சேரியில் இருந்து விழுப்புரம் போகிற சாலையில் வில்லியனூரைத் தாண்டினால் அரியூர். அங்கே ஒரு வீட்டுக்கு இந்த பாக்கெட் சிங்கப்பூர் வழியாக வந்து சேர்ந்தது. கொண்டு வந்தவர் அங்கே வேலை பார்க்கும் மாமா. காலேஜ் படிக்கும் பெண் ஒருத்தி ஆசையாகப் பிரித்து, கண்ணாடி டம்ளரில் ஏழெட்டுப் பூவைப் போட்டு வெந்நீர் ஊற்றினாள். ஒரே நிமிஷத்தில் தண்ணீர் நீலமாகி விட்டது. அவளுடைய ஆயா எட்டிப் பார்த்தார்.

"இன்னாடி இது, சொட்டு நீலம் கலக்கி வெச்சிருக்க? துணி ஊற வெக்கவா?"

"துணிக்கு இல்ல ஆயா. டீ. தாய்லாந்து டீ. மாமா குடுத்தாரு."

ஆயா டம்ளரில் இருந்து ஒரு பூவை எடுத்தார். வெந்நீரில் ஊறி இதழ் விரிந்திருந்தது. ரெண்டு விரலால் நீவிப் பார்த்து விட்டு, "இது சங்குப்பூடி. நம்ம வேலில கெடக்குது. இத்தத் தூக்கிக்கினா ஏரோப்ளேன்ல வந்தான் உங்க மாமன்?" என்றார். சிரித்துச் சிரித்து அவருக்குப் புரை ஏறி விட்டது.

அடுத்த வேடிக்கை எலுமிச்சம்பழம். அரை மூடியைப் பிழிந்ததும் நீலம் போய் ஊதா, இன்னும் நாலு சொட்டு விட்டதும் கிட்டத்தட்ட ரோஸ். ஏழாம் வகுப்பில் செம்பருத்திப் பூச்சாற்றில் செய்து பார்த்த அதே அமிலம்-காரம் பரிசோதனைதான். செம்பருத்தி அமிலத்தில் ரோஸாகும், காரத்தில் பச்சையாகும். சங்குப்பூவும் அப்படித்தான், சோடா உப்பு ஒரு சிட்டிகை போட்டால் பச்சைப் பக்கம் திரும்பும். (குடிக்க வேண்டாம், பார்க்க மட்டும்.) எல்லாவற்றுக்கும் காரணம் பூவில் உள்ள ஆந்தோசயனின் என்ற நிறப்பொருள். இந்தப் பூவில் இருக்கும் வகைக்கு டெர்னட்டின் என்றே தனிப் பெயர். அந்தப் பெயர் செடியின் அறிவியல் பெயரில் இருந்து வந்தது, செடியின் பெயர் இந்தோனேசியாவில் உள்ள டெர்னாட்டே என்ற சின்னத் தீவில் இருந்து வந்தது. லின்னேயஸ் 1753-இல் வைத்தது. அறிவியல் பெயரின் முதல் பாதியை வகுப்பில் சத்தமாகப் படிக்கச் சொன்னால் கடைசி பெஞ்ச் சிரிக்கும் என்பதால் அதை இங்கே விட்டு விடலாம் :-)

டீ என்று சொன்னாலும் இதில் தேயிலை கிடையாது, காஃபின் கிடையாது. ருசி? ஆயா ஒரு வாய் குடித்து விட்டு, "மொச்சக்கொட்ட வேவ வெச்ச தண்ணி மேரி கீது" என்றார். ரொம்ப சரியான விமர்சனம். சங்குப்பூ அவரை, மொச்சை குடும்பத்துச் செடிதான். காயைப் பார்த்தாலே தெரியும், தட்டையாக ஒல்லி அவரைக்காய் மாதிரி இருக்கும். வெறும் பூ தண்ணீரில் பெரிய ருசி ஒன்றும் இல்லை. தாய்லாந்தில் அதை அப்படியே குடிப்பதை விட தேனோ சர்க்கரைப் பாகோ விட்டு, எலுமிச்சை பிழிந்து, ஐஸ் போட்டுக் குடிப்பதுதான் வழக்கம். வெயில் காலத்துப் பானம் அது. நம்ம நன்னாரி சர்பத் மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்கள்.

அவர்கள் இந்தப் பூவை 'அஞ்சன்' என்கிறார்கள். காதுக்கு நம்ம அஞ்சனம் மாதிரி இல்லையா? அங்கே குழந்தைகளின் புருவம் கறுப்பாக வளர வேண்டும் என்று இந்தப் பூவைக் கசக்கித் தடவும் வழக்கமும் உண்டு. பலகாரத்துக்கும் இதுதான் சாயம். மலேசியாவில் கிளந்தான் பக்கம் 'நாசி கெராபு' என்று நீலச் சோறே இருக்கிறது.

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு பேச்சு வரும். "இதெல்லாம் நம்ம முன்னோர்கள் எப்பவோ குடிச்சது, தாய்லாந்துக்காரன் காப்பி அடிச்சுட்டான்" என்று. வாட்ஸ்அப்பில் வந்தால் சுலபமாக நம்பலாம். ஆனால் விஷயம் அப்படி இல்லை.

பூ நமக்குப் பழசுதான், சந்தேகமே வேண்டாம். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூக்களில் கருவிளையும் உண்டு, செருவிளையும் உண்டு. கருவிளை நீலச் சங்குப்பூ, செருவிளை வெள்ளை. பெண்ணின் கண்ணுக்கு இதை உவமை சொல்லியிருக்கிறார்கள். நாட்டு மருந்தில் காக்கணம் என்று இதன் வேரையும் விதையையும் பேதிக்குக் கொடுப்பார்கள். பாண்டிச்சேரி ஆசிரமத்தில் ஸ்ரீ அன்னை ஒவ்வொரு பூவுக்கும் ஒரு பொருள் சொன்னார் அல்லவா, அதில் நீலச் சங்குப்பூவுக்கு ராதையின் உணர்வு என்று அர்த்தம். ஆக, கவிதையில் இருக்கிறது, பூஜையில் இருக்கிறது, மருந்துப் பெட்டியில் இருக்கிறது. ஆனால் அரியூர் ஆயாவின் வீட்டில் விருந்தாளிக்கு டம்ளரில் ஊற்றிக் கொடுக்கும் பானமாக அது இருந்ததே இல்லை. அந்த யோசனை கிழக்கே இருந்து வந்தது. மிளகாயும் தக்காளியும் வெளியில் இருந்து வந்ததை ஏற்றுக்கொண்ட நமக்கு இதை ஒப்புக்கொள்வதில் என்ன கஷ்டம்?

ஒப்புக்கொள்வது ஏன் முக்கியம் என்றால், 'முன்னோர்கள் குடித்தது, ஒன்றும் செய்யாது' என்ற பேச்சுதான் ஆபத்து. அரியூர் வீட்டிலேயே அது வந்தது. அந்தப் பெண்ணின் அக்கா தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருந்தாள். ஏழாவது மாதம். நீல டம்ளரைப் பார்த்ததும் அவளுக்கும் ஆசை. தங்கை இன்னொரு டம்ளர் கலக்கப் போனாள். அது வரை சிரித்துக் கொண்டிருந்த ஆயா டக்கென்று டம்ளரைப் பிடுங்கி விட்டார்.

"அவளுக்குத் தராத. இதும் வேரு வயித்தக் கலக்கிடும். புள்ளத்தாச்சிக்கு ஆவாது."

"இது வேர் இல்ல ஆயா, பூ. பாக்கெட்ல எதுவுமே போடலியே."

"பாக்கிட்டுக்காரனா பிரசவம் பாக்கப் போறான்?"

அக்காவுக்குக் கோபம் வந்தது, கொஞ்ச நேரம் பேசவில்லை. ஆனால் ஆயா சொன்னதில் அர்த்தம் இருக்கிறது. இந்தச் செடியில் சைக்ளோடைட் என்ற சின்னப் புரதங்கள் உண்டு. வேர், விதை மட்டும் இல்லை, பூவிலும் உண்டு. பூச்சி தின்னாமல் இருக்க செடி செய்து கொள்ளும் ஏற்பாடு. ஆஸ்திரேலியாவில் இந்தச் செடியின் சாற்றில் இருந்து பருத்திப் பூச்சிக்கு மருந்தே தயாரிக்கிறார்கள். காய்ந்த சங்குப்பூவை ஐரோப்பாவில் உணவாக விற்க அனுமதி கேட்டபோது, அங்குள்ள உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் இந்தச் சைக்ளோடைட்களைக் காட்டித்தான் ஆட்சேபம் தெரிவித்தது. அமெரிக்காவிலோ 2021-இல் பூவின் சாற்றை உணவுக்கு நிறம் சேர்க்க அனுமதித்து விட்டார்கள். ஒரே பூ, ரெண்டு தீர்ப்பு. தாய்லாந்தில் ஜனங்கள் சாதாரணமாகக் குடிக்கிறார்கள், எப்போதாவது ஒரு டம்ளர் குடிப்பவர் பயந்து நடுங்க வேண்டியது இல்லை. ஆனால் வயிற்றில் குழந்தை இருக்கும்போது ஆயா பக்கம் நிற்பதுதான் புத்திசாலித்தனம். டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

மற்றவர்கள் தாராளமாகச் செய்து பார்க்கலாம், பாக்கெட்டும் தேவை இல்லை. மருந்து அடிக்காத வேலியில், வெயில் ஏறும் முன் பறித்த பூ ஒரு டம்ளருக்குப் பத்து போதும். பச்சைக் காம்பைக் கிள்ளி விட்டு இதழை மட்டும் எடுத்தால் அந்த மொச்சை வாசனை குறையும். கழுவி, கொதித்து இறக்கிய தண்ணீரில் அஞ்சு நிமிஷம் ஊற வைத்து வடிகட்டவும். பனங்கற்கண்டு நன்றாக இருக்கும், ஆனால் நீலம் கொஞ்சம் மங்கும். நிறம்தான் முக்கியம் என்றால் வெள்ளைச் சர்க்கரை. எலுமிச்சையைக் கடைசியில், எல்லாரும் பார்க்கும்போது பிழியவும். சேர்த்து வைக்க ஆசைப்பட்டால் நிழலில் காய வையுங்கள், நேர் வெயிலில் போட்டால் வெளுத்து விடும். காய் முற்றி வெடித்தால் அந்த விதையைச் சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் எடுத்து வைத்து, அடுத்த மழைக்கு இன்னொரு வேலியில் ஊன்றலாம்.